எம்8 கார்ட்ரிட்ஜ்: விர்ச்சுவல் லைப்ரரியில் ஒரு வரி சேர்த்தால் போதுமா?

இரவுப்பணி | திங்கள், இரவு 11.52

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

பேக்கப் மென்பொருளைச் சோதிக்க எங்க டீம்ல ஒரு விர்ச்சுவல் டேப் லைப்ரரி (நிஜ டேப் லைப்ரரி, டிரைவ் மாதிரி நடிக்கிற மென்பொருள்) வெச்சிருக்கோம். எம்எச்விடிஎல்-ங்கிற திறந்த மூல மென்பொருளோட ஏதோ ஒரு பழைய பதிப்பை எடுத்து, வருஷக்கணக்கா யார் யாரோ வெட்டி ஒட்டி, இப்ப அது தனிப் பிறவி ஆயிடுச்சு. மூலத் திட்டத்தைப் பத்தி நான் எதுவும் கேக்கல. எங்க கிளையோட கதை மட்டும்தான் இது.

கார்ட்ரிட்ஜ் என்ன வகைன்னு பார்கோடோட கடைசி ரெண்டு எழுத்தை வெச்சுதான் கண்டுபிடிக்கிறோம். எல்6, எல்7, எல்8 (எல்டிஓ-ங்கிற பேக்கப் டேப் வகையோட 6, 7, 8-ஆம் தலைமுறை) ஒவ்வொண்ணுக்கும் அட்டவணையில ஒரு வரி: டென்சிட்டி கோட் (எந்த அடர்த்தி வடிவம்னு சொல்ற எண்), கொள்ளளவு, அவ்வளவுதான். எம்8-க்கு வரி கிடையாது. அதாவது எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜை எல்டிஓ-8 டிரைவ்ல போட்டு 6 டிபி-க்குப் பதிலா 9 டிபி-யா ஃபார்மட் பண்ற வகை.

போன மாசம் ஒரு ரெஸ்டோர் ஒத்திகை. மெயின் தளத்துல எம்8 டேப் நிறைய இருக்கு. மாற்றுத் தளத்துல இருக்கிறது எல்டிஓ-7 டிரைவ். நேர்ல டேப்பைத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி, முழு நடைமுறையையும் விர்ச்சுவல்ல ஓட்டிப் பாத்தோம். எல்லாம் பச்சை. கையெழுத்து, காபி எல்லாம் ஆச்சு. நேர்ல போய்ப் போட்டா டிரைவ் ஒவ்வொரு டேப்பையும் வெளிய துப்புது. ஒரு நாள் முழுக்கப் போச்சு.

திரும்பி வந்து தோண்டினா, யாரோ எப்பவோ எங்க கோடுல "எம்8 வந்தா எல்7-னு வெச்சுக்கோ"ன்னு ஒரு வரி எழுதியிருக்காங்க. விர்ச்சுவல் எல்டிஓ-7 டிரைவ் எம்8-ஐ அப்பாவியா வாங்கிப் படிச்சிருக்கு.

மேனேஜர் சொல்றார்: "அட்டவணையில ஒரு வரி சேருப்பா, 9 டிபி-னு போடு, அரை நாள் வேலை." எனக்கு என்னமோ அது அரை நாள் வேலையாத் தெரியல. இதை ஒழுங்காக் கொண்டுவர என்னென்ன மாத்தணும்?

ஒத்தைவரி | திங்கள், இரவு 11.58

6 டிபி டேப்ல 9 டிபி-யா? அந்தக் காலத்துல 720 கேபி ஃப்ளாப்பியில ஓட்டை போட்டு 1.44 எம்பி ஆக்குவோமே, அந்த மாதிரியா?

பழைய நாடா | செவ்வாய், காலை 6.20

ஒத்தைவரி தம்பி, கேலியாகச் சொன்னாலும் பாதி சரி. மீதிப் பாதிதான் முக்கியம்.

ஃப்ளாப்பியில் ஓட்டை போட்டது டிரைவை ஏமாற்றுவதற்கு. உள்ளே இருந்த காந்தப்பூச்சு அந்த அடர்த்திக்காகச் செய்யப்பட்டதல்ல. இன்று எழுதுவோம், அடுத்த மாதம் படிக்காது. எம்8-இல் ஏமாற்று எதுவும் இல்லை. எல்டிஓ-7 நாடாவில் இருப்பது பேரியம் ஃபெரைட். அதில் எல்டிஓ-7 டிரைவ் எழுதுவது 3,584 தடங்கள். எல்டிஓ-8 டிரைவின் தலை இன்னும் குறுகலான தடம் எழுதும், ஆகவே அதே அரை அங்குல அகலத்தில் 5,376 தடங்கள் போடுகிறது. ஒன்றரை மடங்கு. 6-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 9. நீளவாக்கில் பிட் நெருக்கம் கிட்டத்தட்ட பழையபடியே. அசல் எல்டிஓ-8 நாடாவில் 6,656 தடங்கள், நீளவாக்கிலும் கொஞ்சம் நெருக்கம் கூட, அதனால் 12 டிபி.

இது ஏன் அவ்வளவு பரவியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்டிஓ-8 டிரைவ் 2017 கடைசியில் வந்தது. நாடா செய்பவர்கள் உலகத்திலேயே இருவர்தான், ஃபியூஜிஃபிலிமும் சோனியும். இருவருக்கும் அமெரிக்காவில் காப்புரிமை வழக்கு. எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜ் சந்தையில் கிடைக்காமல் போனது. 2019 ஆகஸ்டில் சமரசம் ஆகும்வரை, புது டிரைவ் வாங்கியவர்களெல்லாம் மாப்பிள்ளை வந்து தாலி வராத கதையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடைவெளியில் கைகொடுத்தது எம்8. உங்கள் மெயின் தளத்து டேப்புகளின் தேதியைப் பாருங்கள்; பெரும்பாலும் 2018, 2019 ஆகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரவுப்பணி தம்பிக்கு: இதற்கு உள்ள நிபந்தனைகளைத்தான் நீங்கள் கொண்டுவர வேண்டும். கார்ட்ரிட்ஜ் புத்தம் புதியதாக இருக்க வேண்டும். வோர்ம் வகை (ஒருமுறை மட்டுமே எழுதக்கூடியது) கூடாது. ஒருமுறை எம்8 ஆனால் திரும்ப எல்7 ஆகாது. எழுதவும் படிக்கவும் எல்டிஓ-8 டிரைவ் மட்டுமே. எல்டிஓ-7-இல் போகாது, எல்டிஓ-9-இலும் போகாது. எல்டிஓ-9 டிரைவ் அசல் எல்8-ஐ ஏற்கும், எம்8-ஐத் தொடாது. திரிசங்கு சொர்க்கம்தான். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

செதுக்கி | செவ்வாய், காலை 9.41

மேனேஜர் சொல்றதுதான் சரின்னு நான் சொல்வேன். திட்டாதீங்க.

விர்ச்சுவல் லைப்ரரியில நாடாவும் இல்ல, தடமும் இல்ல. ஒரு கார்ட்ரிட்ஜ்னா டிஸ்க்ல ஒரு டைரக்டரி; அதுக்குள்ள டேட்டா, இண்டெக்ஸ், மெட்டா-ன்னு மூணு ஃபைல். கொள்ளளவுங்கிறது மெட்டாவுல ஒரு எண். நீங்க எல்7 கார்ட்ரிட்ஜுக்கு 50 டிபி-னு போட்டாலும் அது வாங்கிக்கும். இதுல 6-க்கும் 9-க்கும் என்ன வித்தியாசம்? டென்சிட்டி கோட் எல்டிஓ-7-க்கு ஹெக்ஸ்ல 5சி, எல்டிஓ-8-க்கு 5இ, எம்8-க்கு நடுவுல 5டி. வரியைச் சேரு, எந்த டிரைவ் எதைப் படிக்கும்ங்கிற பட்டியல்ல 5டி-யை எல்டிஓ-8-க்குக் கீழ மட்டும் போடு. முடிஞ்சது. எல்7 டிரைவ் தானா மறுத்துடும்.

அப்புறம் இன்னொண்ணு. எல்டிஓ-10 வந்தாச்சு, 30 டிபி. அது எல்டிஓ-9 டேப்பையே படிக்காது. இந்த நேரத்துல எம்8-க்கு மெனக்கெடறது செத்த குழந்தைக்குப் பேர் வைக்கிற மாதிரி.

இரவுப்பணி | செவ்வாய், காலை 10.15

செதுக்கி, நீங்க சொல்ற மாதிரியே நேத்து ராத்திரி ஒரு பேட்ச் எழுதிப் பாத்தேன். எல்7 டிரைவ் மறுக்குது. அதுவரை சரி. ஆனா ஒரு கூத்து நடக்குது: ரெண்டு வருஷமா எல்7-ஆ எழுதிட்டு இருக்கிற விர்ச்சுவல் டேப்போட பேரை எம்8-னு மாத்தி ஏத்தினா, டிரைவ் அதை 9 டிபி டேப்னு சொல்லுது. உள்ள பழைய டேட்டா அப்படியே இருக்கு. 6 டிபி டேப் ஸ்டிக்கர் மாத்தினதும் 9 டிபி ஆயிடுச்சு.

பழைய நாடா சார், தேதி சரிதான். பெரும்பாலும் 2019. எப்படிக் கண்டுபிடிச்சீங்க!

மூணாவது ஷிஃப்ட் | செவ்வாய், மதியம் 1.30

ஸ்டிக்கர் மாத்தினா டேப் வளரும்னா, நான் இத்தனை நாளா பட்ஜெட்டுக்கு அலைஞ்சது வீண்.

சரி, விஷயத்துக்கு வரேன். நான் நிஜ லைப்ரரியைப் பாத்துக்கிற ஆள், கோடு எழுதற ஆள் இல்ல. அங்க எப்படி நடக்குதுன்னு சொல்றேன், அதுல இருந்து நீங்க எடுத்துக்கோங்க.

புது எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜுக்கு எந்த வடிவமும் கிடையாது. முதல் தடவை ஒரு டிரைவ்ல ஏறும்போதுதான் அது எதுவா இருக்கப்போகுதுன்னு தீர்மானம் ஆகும். லைப்ரரி ரோபோ பார்கோடைப் படிக்குது. எட்டு எழுத்துல கடைசி ரெண்டு எம்8-னு இருந்தா, ஏத்தும்போது டிரைவ்கிட்ட சொல்லுது. டிரைவ் அப்ப எம்8-ஆ துவக்குது. எல்7-னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா எல்7-ஆ துவக்குது. மேசை மேல தனியா வெச்ச டிரைவுக்கு இந்த ஸ்டிக்கர் விஷயம் எட்டவே எட்டாது, ஏன்னா அதுக்குக் கண் இல்ல, லைப்ரரிக்குத்தான் கண்.

முதல் ஏத்தம் முடிஞ்ச பிறகு ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் டிரைவ் கவலைப்படாது. கார்ட்ரிட்ஜுக்குள்ள இருக்கிற சிப்பும் நாடாவுல இருக்கிறதும்தான் பேசும். ஆனா லைப்ரரியும் பேக்கப் மென்பொருளும் ஸ்டிக்கரைத்தான் நம்பும். கல்யாணப் பத்திரிகையில ஒரு பேரு, ரிஜிஸ்டர்ல ஒரு பேருங்கிற மாதிரி. வம்பெல்லாம் இங்கதான். எங்க இடத்துல ஒருத்தர் உரிஞ்சுபோன எம்8 ஸ்டிக்கரை எடுத்துட்டு, கையில இருந்த எல்7 ஸ்டிக்கரை ஒட்டிட்டார், "ரெண்டும் ஒரே டேப்தானே சார்"னு. அந்த ஒரு டேப் எட்டு மாசம் எங்களை அலையவிட்டுது.

செதுக்கி | செவ்வாய், மதியம் 2.05

சரி, அந்த ஸ்டிக்கர் கூத்தை நான் யோசிக்கல. ஒத்துக்கறேன்.

அப்படின்னா பிரச்சினை அட்டவணையில இல்ல, அட்டவணை எதைச் சாவியா வெச்சிருக்குங்கிறதுல. இப்ப கோடு பார்கோடைப் பாத்து வகையை முடிவு பண்ணுது, ஒவ்வொரு தடவை ஏத்தும்போதும். பார்கோடு முதல் தடவை மட்டும்தான் பேசணும். அப்புறம் மெட்டா பேசணும்.

வேப்பமரம் | செவ்வாய், மாலை 6.48

இந்த இழைக்குத் தாமதமாக வருகிறேன். ஸ்கஸி (கணினியும் டிரைவும் பேசிக்கொள்ளும் கட்டளைத் தரநிலை) பக்கம் கொஞ்சம் வேலை செய்தவள் என்ற முறையில் இரண்டு விஷயம்.

முதல் விஷயம், செதுக்கி கேட்ட இடம் ஏற்கெனவே தரநிலையிலேயே இருக்கிறது. கார்ட்ரிட்ஜ் சிப்பில் உள்ள தகவல்களை ஹோஸ்ட் (டிரைவோடு இணைந்த கணினி) கேட்டு வாங்கும் கட்டளை உண்டு. ஒவ்வொரு தகவலுக்கும் ஓர் எண். அதில் 0405 என்பது மீடியத்தின் டென்சிட்டி கோட், அதாவது கார்ட்ரிட்ஜ் தொழிற்சாலையில் என்னவாகப் பிறந்தது. 0006 என்பது ஃபார்மட் செய்யப்பட்ட டென்சிட்டி கோட், அதாவது இப்போது என்னவாக வாழ்கிறது. சாதாரண எல்7-இல் இரண்டும் ஒன்று. அதனால்தான் எழுதியவர்கள் ஒரே மாறியில் இரண்டையும் அடைத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் யாருக்கும் உறைக்கவில்லை. எம்8 வந்ததும் அந்த ஒரே மாறி கிழிகிறது. பிறப்பு 5சி, வாழ்வு 5டி. மெட்டாவில் இரண்டு தனி இடம் வையுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது கொஞ்சம் சிக்கலானது. உங்கள் விர்ச்சுவல் கார்ட்ரிட்ஜ் உருவாகும்போதே ஃபார்மட் ஆகிப் பிறக்கிறது, சரிதானே? டேப் உருவாக்கும் கட்டளைக்கே "இது எல்டிஓ-7, இவ்வளவு கொள்ளளவு" என்று சொல்லித்தான் செய்கிறீர்கள். நிஜக் கார்ட்ரிட்ஜ் அப்படிப் பிறப்பதில்லை. மூணாவது ஷிஃப்ட் சொன்னது போல் அது முதல் ஏற்றம் வரை வடிவமற்றது. அந்த நிலை உங்கள் மென்பொருளிலேயே கிடையாது. "இன்னும் எதுவும் ஆகவில்லை" என்ற நிலை வேண்டும். அது இல்லாமல் எம்8-ஐ நேர்மையாகக் காட்ட முடியாது, ஏனென்றால் எம்8 என்பது ஒரு வகைக் கார்ட்ரிட்ஜ் என்பதைவிட முதல் ஏற்றத்தில் நடக்கும் ஒரு நிகழ்வு.

இரவுப்பணி | செவ்வாய், இரவு 11.10

அக்கா, இது எனக்கு இப்பதான் புரியுது. ஒரு சந்தேகம். "எதுவும் ஆகலை"ங்கிறதுக்கு, டேட்டா ஃபைல் காலியா இருக்கான்னு பாத்தா போதாதா? புதுசா ஒரு நிலை வெச்சா பழைய மெட்டா ஃபைல் அத்தனையும் மாத்தணும்.

பழைய நாடா | புதன், காலை 5.55

போதாது தம்பி. இதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். காலி டேப்பும் புது டேப்பும் ஒன்றல்ல.

ஒரு புது எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜை எல்டிஓ-7 டிரைவில் ஏற்றி, ஒரு எழுத்துகூட எழுதாமல் இறக்கினால், அது காலிதான். ஆனால் எல்7-ஆகத் துவக்கப்பட்டுவிட்டது. இனி எம்8 ஆகாது. பழைய டேப்பை முழுக்க அழித்தாலும் அப்படியே. அழிப்பது டேட்டாவைத்தான், பிறந்த நட்சத்திரத்தை அழிக்க முடியாது.

நாங்கள் வேலை பார்த்த இடத்தில் ஒரு நல்ல பையன், வந்திறங்கிய புது டேப் பெட்டியைப் பொறுப்பாகச் சோதிக்கிறேன் என்று எல்லாவற்றையும் பழைய டிரைவில் ஏற்றி இறக்கிவிட்டான். ஒரு பெட்டி எம்8 ஆகும் யோகத்தை இழந்தது. யாரையும் திட்ட முடியவில்லை, அவன் செய்தது நல்ல பழக்கம்தானே.

செதுக்கி | புதன், காலை 9.20

மெட்டா ஃபைல் மாத்தறது பெரிய வேலையில்ல. தலைப்பகுதியில பதிப்பு எண் இருக்கும்ல? பழைய பதிப்பைத் திறக்கும்போது 0006-க்கு 0405-ல இருக்கிற மதிப்பையே போடு, நிலை "துவக்கப்பட்டது"ன்னு வெச்சுக்கோ. பழைய டேப் எல்லாமே உருவாகும்போதே ஃபார்மட் ஆனவைதானே, அதனால பொய் இல்ல. புதுசா உருவாக்கற டேப்புக்கு மட்டும் வடிவமில்லா நிலை. பழசைத் தொடவே வேண்டாம்.

ஆனா இதுல ஒரு கண்ணி இருக்கு. உங்க கிளையில யாரோ எம்8-ஐ எல்7-னு மாப் பண்ணி வெச்சிருந்தாங்கன்னு சொன்னீங்கல்ல? அப்ப டிஸ்க்ல எம்8-னு பேர் வெச்ச டேப், மெட்டாவுல 5சி-யோட உக்காந்திருக்கும். அதை எப்படி எடுத்துக்கப்போறீங்க?

இரவுப்பணி | புதன், காலை 9.34

ஐயோ. ஆமா. நாப்பது டேப் இருக்கு அப்படி.

ஒத்தைவரி | புதன், காலை 9.35

அழிச்சுட்டு மறுபடி பெத்துப் போடுங்க. விர்ச்சுவல்ல இருக்கிற ஒரே வசதி அதான்.

வேப்பமரம் | புதன், மதியம் 12.40

ஒத்தைவரி சொல்வதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் நாலைந்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் ஒன்று, உள்ளே வேறொன்று என்ற நிலைக்கு அவைதான் உங்கள் ஆயத்தச் சோதனைப் பொருள். மூணாவது ஷிஃப்ட்டை எட்டு மாதம் அலையவிட்ட அதே டேப், இலவசமாக.

மறுப்பை எப்படிச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். இப்போது உங்கள் எல்7 டிரைவ் எம்8-ஐ மறுக்கிறது என்றீர்கள். என்ன சொல்லி மறுக்கிறது? பொதுவாக ஒரு மீடியம் பிழை என்று விட்டால், பேக்கப் மென்பொருள் "டேப் கெட்டுவிட்டது" என்று முடிவு செய்து அதை ஓரங்கட்டும். டேப் கெடவில்லை, இடம்தான் தப்பு. ஸ்கஸி பிழையோடு வரும் கூடுதல் கோட் 30/00 பொருந்தாத மீடியம் என்கிறது. 30/02 வடிவம் பொருந்தாததால் படிக்க முடியவில்லை என்கிறது. கூடவே டேப்அலர்ட்டில் (டிரைவ் தரும் எச்சரிக்கைப் பட்டியல்) 12-ஆம் கொடியை ஏற்றுங்கள், ஆதரிக்காத வடிவம் என்பது அதுதான். உங்கள் டிரைவ் மாடல் இவற்றில் எதைத் தருகிறது என்பதை அதன் ஸ்கஸி கையேட்டில் பார்த்து அப்படியே வையுங்கள். ஊகித்து வைக்காதீர்கள். இதைச் சோதிப்பதற்காகத்தானே விர்ச்சுவல் லைப்ரரியே வைத்திருக்கிறீர்கள்? எல்லாவற்றுக்கும் தலையாட்டும் டிரைவை வைத்து ஒத்திகை பார்ப்பது, கேள்வித்தாளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு தேர்வுக்குப் படிப்பது போலத்தான்.

ஜாகுவார் ரசிகன் | புதன், இரவு 9.15

எல்டிஓ ஆட்கள் இதை ஏதோ புது அதிசயம் மாதிரி பேசறீங்க. ஐபிஎம் 3592 (ஐபிஎம்-மோட தனி டேப் வகை) உலகத்துல இது காலங்காலமா நடக்குது.

ஜேபி கார்ட்ரிட்ஜ் ஒண்ணு எடுத்துக்கோங்க. இ05 டிரைவ்ல 700 ஜிபி. அதே கார்ட்ரிட்ஜ் இ06-ல 1 டிபி. இ07-ல 1.6 டிபி. ஜேசி-யும் அப்படித்தான், இ07-ல 4 டிபி, இ08-ல 7 டிபி. ஸ்டோரேஜ்டெக் டி10000 பக்கமும் அதே கதை: ஏ டிரைவ்ல 500 ஜிபி கொண்ட கார்ட்ரிட்ஜ் பி டிரைவ்ல 1 டிபி. டிரைவ் மாத்தினா அலமாரியில இருக்கிற பழைய டேப் எல்லாம் வளர்ந்துடும். டேப் வாங்கறதுக்குப் பதிலா டிரைவ் வாங்கறதுதான் அங்க கொள்முதல் தந்திரமே.

முக்கிய வித்தியாசம் என்னன்னா, அங்க டேப் புதுசா இருக்கணும்ங்கிற நிபந்தனை கிடையாது. ஏற்கெனவே எழுதின டேப்பை தொடக்கத்துல இருந்து திரும்ப எழுதினா புது அடர்த்திக்கு மாறும். இடையில சேர்த்து எழுதினா பழைய அடர்த்தியிலதான் போகும். ஹோஸ்டே மோட் செலக்ட்-ங்கிற கட்டளையில டென்சிட்டி கோட் கொடுத்து "பழைய டிரைவுக்குப் புரியற மாதிரி எழுது"ன்னும் கேக்கலாம்.

அதனால இரவுப்பணி, எம்8-க்கு மட்டும்னு ஒரு விதிவிலக்கைச் செருகிடாதீங்க. கொள்ளளவு கார்ட்ரிட்ஜோட குணம்னு உங்க அட்டவணை நினைக்குது. அது கார்ட்ரிட்ஜ், டிரைவ் ரெண்டும் சேர்ந்து முடிவு பண்ற விஷயம். அட்டவணையை அப்படி அமைச்சா, எம்8 அதுல ஒரு கட்டம் மட்டும்தான். எப்ப மாறலாம்ங்கிறதுக்கு இன்னொரு பத்தி: "முதல் ஏற்றத்தில் மட்டும்", "தொடக்கத்தில் எழுதும்போது", "ஒருபோதும் இல்லை". எல்டிஓ-வுல பெரும்பாலும் மூணாவது, எம்8-க்கு முதலாவது, 3592-க்கு ரெண்டாவது.

செதுக்கி | புதன், இரவு 10.02

இந்தப் பத்தி யோசனை அழகா இருக்கு. நேத்து நான் சொன்ன "ஒரு வரி" இப்ப ஒரு பத்தியா வளர்ந்துடுச்சு. மேனேஜர்கிட்ட நான் சொன்னதைக் காட்டிடாதீங்க.

இரவுப்பணி | வியாழன், இரவு 1.25

காட்டல. ஆனா ரெண்டு நாள் கேட்டு வாங்கிட்டேன்.

எழுதி முடிச்சு ஓட்டினா ஒரு விசித்திரம். எம்8 டேப்போட அதிகபட்சக் கொள்ளளவைக் கேட்டா பேக்கப் மென்பொருள் 9.44 டிபி-ன்னு காட்டுது. எல்8 12.58-னு காட்டுது. நான் மெட்டாவுல 90,00,000-ன்னுதான் போட்டேன், எம்பி கணக்குல.

வேப்பமரம் | வியாழன், காலை 7.10

அலகு தம்பி, அலகு. சிப்பில் உள்ள கொள்ளளவுத் தகவல் 10,48,576 பைட்டை ஓர் அலகாகக் கொண்டது. டென்சிட்டிப் பட்டியல் கேட்கும் கட்டளையிலோ 10,00,000 பைட் ஓர் அலகு. ஒரே எண்ணை இரண்டு இடத்திலும் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். 9 டிபி என்றால் பட்டியலில் 90,00,000. சிப்பில் ஏறத்தாழ 85,83,068. எல்7-க்கு சிப்பில் 57,22,045 சுமார் வரும். இது எம்8-ஆல் வந்த பிழை அல்ல, முன்பே இருந்திருக்கும்; யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பட்டியலில் தட எண்ணிக்கைக்கும் ஓர் இடம் உண்டு. பழைய நாடா ஐயா கொடுத்த 5,376-ஐ அங்கே போடுங்கள். எல்7-இன் 3,584-ஐ நகலெடுத்து விட்டுவிடாதீர்கள்.

இரவுப்பணி | வியாழன், காலை 7.48

எல்7-லயும் அதே தப்பு இருந்திருக்கு அக்கா. 6.29 டிபி. இத்தனை வருஷமா!

நகலெடுத்துதான் விட்டிருந்தேன். இப்ப மாத்திட்டேன்.

மூணாவது ஷிஃப்ட் | வியாழன், மாலை 4.30

ஒரு நடைமுறைக் கேள்வி. டேப் நிரம்பி அடுத்த டேப்புக்குத் தாவறதைச் சோதிக்கணும்னா 9 டிபி எழுதித் தீக்கணுமே? நிஜ டிரைவ்ல எம்8 நொடிக்கு 300 எம்பி வேகத்துல போனாலும் எட்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். உங்க டிஸ்க்ல அவ்வளவு இடம் இருக்கா?

இரவுப்பணி | வியாழன், மாலை 5.05

இல்ல. அதனால பத்தாயிரத்துல ஒரு பங்கு. எல்7-க்கு 600 எம்பி, எம்8-க்கு 900, எல்8-க்கு 1,200. விகிதம் மாறாததால, "எல்7-ல ஏழு டேப் பிடிச்ச வேலை எம்8-ல அஞ்சுல முடியணும்" மாதிரி சோதனைகள் சரியா வருது. முதல்ல எல்லாத்துக்கும் ஒரே 500 எம்பி-தான் வெச்சிருந்தோம். அப்ப எம்8-ஐ எல்7-ஆ எடுத்துக்கிட்டதை யாராலயும் கவனிச்சிருக்கவே முடியாது.

பழைய நாடா | வெள்ளி, காலை 6.05

பத்தாயிரத்தில் ஒரு பங்கு நல்ல யோசனை. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் சோதனைப் பட்டியலில் எல்டிஓ-9 டிரைவ் இருக்கிறதா? இன்றில்லாவிட்டாலும் உங்கள் மெயின் தளத்தில் ஒருநாள் டிரைவை மேம்படுத்தத்தான் செய்வார்கள். எல்டிஓ-9 எல்8-ஐப் படிக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு, பழைய எல்டிஓ-8 டிரைவுகளையெல்லாம் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் 2019-இல் எழுதிய எம்8 டேப்பைப் படிக்க வீட்டில் டிரைவே இருக்காது. செதுக்கி தம்பி செத்த குழந்தை என்றாரே, அதனால்தான் சொல்கிறேன்: வடிவம் செத்தாலும் அதில் எழுதிய டேட்டாவுக்குத் தக்கவைப்புக் காலம் முடியவில்லை.

செதுக்கி | வெள்ளி, காலை 9.12

ஐயா, அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கறேன்.

இரவுப்பணி | வெள்ளி, இரவு 10.40

பேட்ச் உள்ள போயிடுச்சு. என்ன மாறிச்சுன்னு சுருக்கமா, பின்னாடி தேடி வர்றவங்களுக்காக.

மெட்டாவுல பிறப்பு டென்சிட்டி, வாழ்வு டென்சிட்டி ரெண்டு தனித்தனி. (வேரியபிள் பேர்ல வேப்பமரம் அக்கா சொன்ன வார்த்தையையே வெச்சுட்டேன், கோட் ரிவ்யூவுல சிரிச்சாங்க, ஆனா பாஸ் பண்ணிட்டாங்க.) புது டேப் வடிவமில்லாமப் பிறக்குது. லைப்ரரி டீமன் (பின்னணியில ஓடற புரோகிராம்) ஏற்றச் சொல்லி அனுப்பற செய்தியில பார்கோடு ஏற்கெனவே போய்க்கிட்டுதான் இருந்துச்சு, அதனால டிரைவ் பக்கம் முதல் ஏற்றத்துல மட்டும் அதைப் படிச்சா போதும். வோர்ம்னா எம்8 ஸ்டிக்கரைக் கண்டுக்காது. எல்டிஓ-7, எல்டிஓ-9 டிரைவ் ரெண்டும் 5டி-யை மறுக்குது, கோட் கையேட்டுல இருக்கிறபடி. ஜாகுவார் ரசிகன் சொன்ன பத்தியையும் போட்டாச்சு, ஆனா 3592 வரிகளை இன்னும் நிரப்பல.

பழைய ஒத்திகையை மறுபடி ஓட்டினேன். மாற்றுத் தளத்து விர்ச்சுவல் டிரைவ் முதல் டேப்லயே துப்பிடுச்சு. இவ்வளவு சந்தோஷமா ஒரு சிவப்பு வரியை நான் பாத்ததில்ல.

அதோட இன்னொண்ணும் வெளிய வந்துச்சு. மறுப்பு வந்ததும் எங்க பேக்கப் மென்பொருள் அந்த டேப்பை "பழுது"ன்னு குறிச்சு வெச்சுட்டு, மறுபடி எல்டிஓ-8 டிரைவ்ல போட்டாலும் தொட மாட்டேங்குது. அக்கா எச்சரிச்ச அதே விஷயம். அது எங்க பக்கத்துப் பிழை இல்ல, அந்த டீமுக்கு டிக்கெட் போட்டிருக்கேன்.

மூணாவது ஷிஃப்ட் | வெள்ளி, இரவு 11.02

அப்ப போன மாசம் நேர்ல துப்பின டேப் எல்லாமும் இப்ப உங்க கேட்டலாகுல பழுதுன்னு இருக்குமே? பாத்தீங்களா?

இரவுப்பணி | வெள்ளி, இரவு 11.19

இப்பதான் பாத்தேன். இருக்கு. பதினெட்டு.

நாளைக்குக் காலையில ஆஃபீஸ் போறேன்.